நிரப்ப வழியில்லாத குழாய்

பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் குப்பியை இரவல் கேட்டு வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டத்தான் செய்தது. ஆனால் நான் சந்தேகப்பட்டது வேறு. பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்டிருந்த இன்னொரு தையல்காரியின் வீட்டில் அவர் அந்த வாரம் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தார். என் குப்பி அவள் மெஷினுக்குத்தான் போகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பிறவிக் குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தொழில் கொடுத்த குணம் என்று நான் சொல்வேன். தைக்கக் கொண்டுவருகிறவர்கள் ஒருத்தர் விடாமல் "பழைய அளவேதான், உடம்பு ஏறவே இல்லை" என்பார்கள். நாடாவைப் பிடித்தால் அது வேறு சொல்லும். வாயை நம்பித் துணியை வெட்டினால் கடைசியில் பழி என் தலையில்தான் விழும்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் அவர்கள் கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் அந்த அறையில் குழாய்த் துண்டுகளும் துருப்பிடித்த வால்வுகளும் குவிந்து கிடக்கும். குழாய்க்காரரின் மனைவி அதையெல்லாம் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள். சமையலறை அலமாரிகளுக்குப் படம் போடுவது அவள் வேலை. மரக் கம்பெனிக்காரர்கள் பலகையை அறுப்பதற்கு முன்னால், அந்த அலமாரி அந்த வீட்டில் நின்றால் எப்படி இருக்கும் என்று இவள் வரைந்து காட்டுவாள். ஜன்னல் வெளிச்சம் கைப்பிடியில் பட்டு மின்னுவது வரைக்கும் அதில் இருக்கும். போட்டோ என்று சத்தியம் செய்யலாம். கோடு போடுவது இவள் கை, அதைப் போட்டோ மாதிரி ஆக்குவது மெஷின். பொத்தானை அழுத்திவிட்டால் அது அரை நாள் மூச்சிரைக்க ஓடும்.

அறைக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் உச்சந்தலை சுடும். மனுஷிக்கே அப்படி என்றால் மெஷினுக்குக் கேட்கவா வேண்டும்? பாதி படத்தில் பட்டென்று அணைந்துவிடும். இவள் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்காருவாள்.

அந்தத் துன்பத்தைத் தீர்க்க வந்தவன் அவள் தம்பி. தெருவில் அவனுக்குத் திருப்புளி என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் அவனுக்குத் திருப்புளிதான் இருக்கும். கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. அம்மா அப்பா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது பெட்டியோடு பெட்டியாக அவனும் இந்த வீட்டுக்கு வந்தான். குழாய்க்காரர் அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து, எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரித்தான். நானும் போய் நின்றேன். உள்ளே கார் முன்னால் இருக்கிற ரேடியேட்டர் மாதிரி ஒன்று, சின்னதாக. அதில் இரண்டு ஃபேன். அதிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் குழாய் கிளம்பி ஒரு உருண்டை டப்பாவில் போய் முடிந்தன. டப்பாவுக்கு அடியில் கண்ணாடி மாதிரி செம்புத் தட்டு.

சூடாவது ப்ராசசர் என்று ஒரு சில்லாம், பிஸ்கட் அளவுதான் இருக்கும். அதன் தலைமேல் இந்தச் செம்புத் தட்டு உட்காரும். டப்பாவுக்குள் ஒரு குட்டி பம்ப். அது தண்ணியைத் தள்ளும், தண்ணி சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும், ஃபேன் ஆற்றிவிடும், ஆறின தண்ணி திரும்ப வரும். இப்படியே சுற்றிச் சுற்றி. இதைத் திருப்புளி சொன்னபோது எல்லாருக்கும் புரிந்தது. குழாய்க்காரருக்கு மட்டும் புரியவில்லை. இல்லை, எங்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் அதிகம் புரிந்தது, அதுதான் சிக்கல். பொருளை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார், குழாயை நெருடினார், மூட்டில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"மாப்ள, தண்ணி எங்க ஊத்தறது?"

"ஊத்த வேணாம் மாமா. ஃபேக்டரியிலயே ஊத்தி மூடிட்டாங்க."

"கொறைஞ்சா?"

"கொறையாது. கொறைஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். தொறக்க வழியே கிடையாது."

நிரப்ப வழியில்லாமல், காற்றுப் போக வழியில்லாமல் ஒரு குழாய் உலகத்தில் உண்டா என்று அவர் கேட்டார். வால்வு இல்லாத லைனைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்றார். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார். திருப்புளிக்கு வேலை ஓடவில்லை.

"மாமா, இது வீட்டுக் குழாய் இல்ல. நீங்க கையை வைக்காம இருந்தாலே போதும், அது பாட்டுக்கு ஓடும்."

சொன்ன விதத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குழாய்க்காரர் பொருளை மெதுவாகப் பெட்டியில் வைத்துவிட்டு, வாசல் குழாயில் காரணமே இல்லாமல் கை கழுவினார்.

மாட்டினார்கள். மெஷின் சாது ஆகிவிட்டது. அணையவே இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோனதில் நானும் நிம்மதியானேன். அவளுக்கு வேலை குவிந்தது. கடைசியில் ஒரு பெரிய ஓட்டல்காரன் அத்தனை அறைகளுக்கும் அலமாரி, கட்டில், மேஜை எல்லாவற்றுக்கும் படம் கேட்டான். அவள் சோற்றுத் தட்டை மேஜைக்கே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த கோடை தொடங்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. மெஷினைப் போட்டவுடன் குளுகுளுவென்று, பாட்டிலைக் கவிழ்த்தால் வருமே, அந்தச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எனக்கே சுவர் வழியாகக் கேட்டது. திருப்புளி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே கொஞ்சம் காற்று இருக்கிறது, எல்லாவற்றிலும் இருக்கும், ஒன்றும் ஆகாது, விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

விடுகிற ஆளா குழாய்க்காரர்? காற்று அடைத்த லைனோடு ராத்திரி ஒரே கூரைக்கு அடியில் படுக்க அவருக்கு முடியவில்லை. வேலைக்குக் கிளம்புகிறவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அறை வாசலில் நிற்பார். என்னைப் பார்த்தால், "டைலரம்மா, கேக்குதா? காத்து நிக்குது. தண்ணி இறங்கியிருக்கு. இது ஒருநாள் காலை வாரும் பாருங்க" என்பார். மச்சினனிடம் சொல்லுங்களேன் என்றால், "நான் கையை வைக்கக் கூடாதாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அப்புறம்தான் அந்த எண்ணெய்க் குப்பி. அவள் ஓட்டல் படங்களைக் காட்ட மரக் கம்பெனிக்குப் போயிருந்தாள், திருப்புளி கடையில். உச்சி வெயிலில், வேலை நாளில், குழாய்க்காரர் வீட்டுக்கு வந்து என்னிடம் குப்பியைக் கேட்டார். மூக்கு நீளமாக, ஊசி மாதிரி இருக்கும் குப்பி. எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ஒரு சின்ன வேலை" என்றார். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தபோது சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று இருந்தது. எண்ணெய்க் குப்பியைத் தண்ணியில் கழுவுவார்களா? அதில் ஊற்றின எண்ணெயெல்லாம் கெட்டுப்போய், என் மெஷின் ஒரு வாரம் முனகியது. அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அன்றிலிருந்து குளுகுளு சத்தம் நின்றுபோனது. அதை நான் கவனித்தேன். குப்பியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, என் மூளை பக்கத்துத் தெருத் தையல்காரியிடமே நின்றுகொண்டிருந்தது. அவர் மட்டும் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் சாப்பிடும்போது, "என்ன மாப்ள, சத்தத்தைக் காணோம்?" என்று கேட்டாராம். "நான்தான் சொன்னேனே, தானா அடங்கிடும்னு" என்றானாம் அவன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாராம்.

கோடை உச்சிக்கு வந்தபோது அவள் மெஷின் படுத்தது. முன்பு மாதிரி எப்போதாவது அல்ல, போட்டால் உடனே அணைந்தது. ஓட்டல் படங்கள் பாதியில் நின்றன. கம்பெனியிலிருந்து போன் மேல் போன். திருப்புளி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து பெட்டியைத் திறந்தான். இரண்டு ரப்பர் குழாயையும் விரலால் தொட்டுப் பார்த்தான். ஒன்று சுட்டது, ஒன்று சில்லென்று கிடந்தது. தண்ணி ஓடவில்லை என்றான். பிறகு பம்ப் டப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன்மேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் உண்டு, பிரித்தால் வாரண்டி கிடையாது என்று எழுதியது. அது ஒரு ஓரத்தில் சுருங்கி, கோணலாக ஒட்டியிருந்தது.

"இதை யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டான்.

அவள் இல்லை என்றாள். குழாய்க்காரர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீதான் கையை வைக்காதீங்கன்னு சொல்லிட்டியே" என்றார்.

அவள் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிரித்து ஒட்டின ஸ்டிக்கர். நான் அறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகம் மாறியதை நன்றாகப் பார்த்தேன். நான் லேபிளைப் பிரித்துத் திரும்பத் தைத்த துணிகளை எத்தனையோ பார்த்தவள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவன் பொருளைக் கழற்றிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனபிறகு அவள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். கடையில் யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததைக் கொண்டுவந்து தனக்கு மாட்டிவிட்டானோ என்றாள். சேச்சே என்று நான் சொல்லவில்லை. டப்பாவை நம் முன்னால்தானே பிரித்தான் என்றேன். "டப்பா புதுசுதான். உள்ள இருந்தது?" என்றாள்.

அதே கேள்வியைச் சாயங்காலம் அவனிடமும் கேட்டிருக்கிறாள். அவன் அதிர்ந்துபோய், "அக்கா, என்னைப் பார்த்தா கேக்கறே?" என்று மட்டும் சொன்னானாம். அது அவளுக்குப் போதவில்லை. சந்தேகம் வந்தவளுக்கு எந்தப் பதில்தான் போதும்? அவன் இல்லை என்று அடித்துச் சொன்னால் ஏன் இப்படிக் கத்துகிறான் என்று தோன்றும், பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று தோன்றும். பழசெல்லாம் கிளம்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பென்சில் பெட்டி தொலைந்தது என்று பொய் சொன்னானாம். அதைக்கூட என்னிடம் சொன்னாள். நான் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டேன்.

கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டுப் போட்டாள். இருக்கிற நல்ல சாமான்களையும் மாற்றிவிடுவான் என்ற பயம். சாவி அவள் இடுப்பில். அவன் வேலை முடிந்து வந்தால் நேரே அந்த அறைக்குத்தான் போவான், அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று அன்றைய படத்தைப் பார்த்து அதில் குற்றம் கண்டுபிடித்து நாலு வாங்கிக்கொண்டுதான் சாப்பிட உட்காருவான். பூட்டைப் பார்த்த அன்று அதைக் கையால் ஒருதரம் தொட்டுப் பார்த்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான். அவள் பரிமாறிவிட்டு எழுந்து போய்விட்டாள். எதிரில் குழாய்க்காரர் மட்டும். தட்டைப் பார்த்து அவரும், தட்டைப் பார்த்து அவனும். நாள் நாளாக அப்படியே போனது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. அவர்கள் சாப்பாட்டு இடம் என் பின்வாசலுக்கு நேர் எதிரே.

கடையிலும் அவனுக்கு நல்ல பேச்சு இல்லை. கடைக்காரர் என் ஜாதி, யாரையும் நம்பாதவர். ஸ்டிக்கர் பிரிந்திருக்கிறது, இதைக் கம்பெனி எடுக்காது என்றவர், அதோடு நிற்கவில்லை. புதுசை எவனுக்கோ தள்ளிவிட்டுப் பழசை அக்கா வீட்டில் மாட்டினாயா என்று நேராகவே கேட்டுவிட்டார். இவன் இல்லை என்றான். உள்ளே திறந்து பார்ப்போம், பழசாக இருந்தால் அன்றோடு நீ வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை அவன் என் அறை வாசலில் நின்று சொன்னான். "தொறக்கட்டும் டைலரக்கா. தொறந்தா தெரிஞ்சிடும். அப்புறம் அக்கா என்ன சொல்றான்னு பாக்கறேன்" என்றான். திறக்கிற நாளுக்காக அவன் காத்துக்கொண்டிருந்தான்.

அந்த நாளில்தான் கோடையின் முதல் மழை பெய்தது. மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு, தகரத்தில் கல் எறிந்த மாதிரி சடசடவென்று கொட்டியது. நான் தலையணை உறைகளைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் டீ போட்டாள். டீ குடிக்கும் நேரத்தில் திருப்புளி நனைந்துகொண்டே உள்ளே வந்தான். அவன் வீட்டுக்கு வருகிற நேரமே இல்லை அது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். துவட்டிக்கொண்டே இருந்தான்.

"தொறந்தாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தொறந்தாங்க. புதுசுதான் அக்கா. பழசு இல்ல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகம் தெளியத் தொடங்கியது, நான் பார்த்தேன். ஆனால் அவன் முடிக்கவில்லை.

"நான்தான் நடுவுல தொறந்தேன். அந்தச் சத்தத்தை நிறுத்தலாம்னு. சரியா மூடல. ஒழுகிப்போச்சு. கடையில சொல்லிட்டேன். வர வேணாம்னுட்டார்."

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. பள்ளம் தோண்டின இடத்தில் மழைத் தண்ணி நிறைந்து வேலை நின்றுபோய், குழாய்க்காரர் வந்துகொண்டிருந்தார். வாசல் குழாயைத் திறந்து காலில் சேற்றைக் கழுவினார். உள்ளே நடப்பது அவருக்கு முழுக்கக் கேட்கும் தூரம்தான்.

அவள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"அன்னிக்கு யார் தொட்டீங்கன்னு எங்களையே கேட்டியே. அது என்னடா? நடிப்பா?"

அவன் துண்டை மடித்துக் கொடியில் போட்டான்.

"பழசை மாட்டினேன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். பண்றதையும் பண்ணிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டே பாரு. உன்னை நான்தான் வளர்த்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எனக்குத் தெரியாத யாரோ என் வீட்ல சாப்பிட்டுட்டு இருந்த மாதிரி இருக்கு."

அதற்குமேல் அவள் என்ன சொல்வாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவன் அதைச் சொல்லவைக்கவில்லை. மூலையில் இருந்த தன் பையை எடுத்துக் கொடியில் கிடந்த சட்டைகளை அதில் போட ஆரம்பித்தான். கடைத்தெருவில் கூட வேலை பார்க்கிறவன் அறையில் இடம் இருக்கிறது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். என்னைப் பார்த்து, "வரேன் டைலரக்கா" என்றான். எழுந்து நடுவில் போய் நிற்கலாமா என்று பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரிக்கு அதற்கு என்ன உரிமை? உட்கார்ந்தே இருந்தேன்.

அவன் வாசலை நோக்கித் திரும்பினான். வாசலை அடைத்துக்கொண்டு குழாய்க்காரர், கால் ஈரத்தோடு நின்றார்.

"ஒழுகலை" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அது ஒழுகியிருக்காது. வாய்ப்பே இல்ல. ஸ்டிக்கருக்கு அடியில இருந்த ஸ்க்ரூவுல டேப் சுத்திதானே மூடினேன். நல்லா இறுக்கி மூணு சுத்து. நான் போட்ட ஜாயிண்ட் எங்கயும் ஒழுகினது கிடையாது. எவன் சொன்னான் ஒழுகிச்சுன்னு?"

கோபமாகத்தான் சொன்னார். யாரோ அவர் கையைக் குறை சொன்ன கோபம். சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

திருப்புளி பையைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தான். உள்ளே வெள்ளையாக, நகத்தின் அளவில், சிலந்தி நூல் மாதிரி பிசிறு பிசிறாக ஏதோ கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் குழாய்த் தலை, கேஸ் அடுப்பு மூட்டு, துடைப்பத்தின் பிடி, அவள் கண்ணாடியின் உடைந்த காது என்று எதை எடுத்தாலும், மூட்டு ஒழுகாமல் இருக்கக் குழாய்க்காரர் சுற்றுகிற அந்த வெள்ளை டேப்தான் சுற்றியிருக்கும்.

"ஒழுகல மாமா" என்றான் அவன். "மூட்டு நல்லாத்தான் இருந்துச்சு. டேப் பிசிறுதான் உள்ள போய் அடைச்சிருக்கு. செம்புத் தட்டுக்குள்ள தண்ணி போற வழி சீப்புப் பல்லைவிடச் சன்னம். உங்க வீட்டுக் குழாயில இது போனா அடிச்சிட்டுப் போயிடும். இதுல போகாது."

"நான்தான்னு உனக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"பார்த்தவுடனே தெரியும். வேற யார் சுத்துவா?"

அப்போதுதான் என் எண்ணெய்க் குப்பி எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்துத் தெருத் தையல்காரியை நான் அநியாயமாகச் சந்தேகப்பட்டதும் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிப் பேச அது நேரம் இல்லை.

அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க" என்றாள்.

"இத்தனை நாளா அவன் தலையைத் தூக்காம சாப்பிட்டான். நீங்க எதிர்லதானே உக்காந்திருந்தீங்க. அவனைத் திருடன்னு சொன்னேன், அப்ப உங்களுக்கு வாய் வரல. வேலையை விட்டுத் துரத்திட்டாங்கன்னு சொன்னான், அப்பவும் வரல. உங்க குழாய் ஒழுகிச்சுன்னு சொன்னதும் வந்துடுச்சு, இல்ல?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். சத்தம் நின்றால் அவளுக்குச் சொல்லலாம் என்று இருந்ததாகவும், நின்றபிறகு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டதாகவும், கெட்டுப்போனபிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை என்றும் துண்டு துண்டாகச் சொன்னார். டைலரம்மா குப்பியால் குடிக்கிற கேன் தண்ணியைத்தான் ஊற்றினேன், அழுக்குத் தண்ணி இல்லை என்றார். அதையும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"கடை தொறந்துதான் இருக்கும்" என்றாள் அவள். "இப்பவே போங்க. அவன்கிட்ட சொன்னா பத்தாது. அங்க போய்ச் சொல்லுங்க."

மழையோடு மழையாக இரண்டு பேரும் போனார்கள். கடையில் நடந்ததைத் திருப்புளி பிறகு சொன்னான். கடைக்காரர் குழாய்க்காரரையும் நம்பவில்லையாம். மச்சினனைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள் என்றாராம். இவர் பையிலிருந்து டேப்பை எடுத்து, மேஜைமேல் கிடந்த ஒரு ஸ்க்ரூவில் சுற்றிக் காட்டினாராம். கடைக்காரர் பம்ப்பில் இருந்த ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்து, லென்ஸ் போட்டு, சுற்றின பக்கம், முடித்த இடம் எல்லாம் ஒத்திருக்கிறதா என்று பார்த்தாராம். பிறகுதான் நாளைக்கு வேலைக்கு வா என்றாராம். என்னைவிடச் சந்தேகக்காரர் ஊரில் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

அவன் ஏன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்று நான் கேட்டேன். "நான் எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவேன் டைலரக்கா. அவ அவரோடதானே இருக்கணும்" என்றான். கேட்டிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அவர்கள் கடைக்குப் போயிருந்தபோது அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அறைப் பூட்டைக் கழற்றினாள். கழற்றின பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வீட்ல ரெண்டு பேர் இருந்தாங்க. எனக்கு அவன் மேலதான் தோணிச்சு. இன்னொருத்தர் இருக்காருன்னே தோணலை" என்றாள். அப்புறம் அந்தப் பூட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

தண்ணி வேண்டவே வேண்டாம், வெறும் ஃபேன் போட்டதே போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவன் அதை வாங்கிவந்தான். மழை விட்டு வெயில் அடித்தது. நான் வாசலில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவள் உள்ளே மேஜையைத் துடைத்து, நாற்காலியை ஒதுக்கி, அவன் உட்காரத் துணி விரித்து வைத்திருந்தாள். குழாய்க்காரர் பின்கட்டில் இருந்தார். அன்று அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்றான். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் எந்தக் கதவையும் தட்டாதவன், அவள் தலை வாரும்போதுகூட நுழைந்து திட்டு வாங்குகிறவன்.

"அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.